வடக்குச் சுவரைப் பார்த்து நின்ற சிங்கம்

ஒரு காட்டில் பிறந்தது அந்தச் சிங்கம். ஆனால் குழந்தைகளே, கதை நடப்பது காட்டில் அல்ல. பாபிலோன் நகரத்தில், ராஜாவின் அரண்மனைக்குப் பின்னால், பாறையைக் குடைந்து வெட்டிய ஓர் ஆழமான குழியில். சிங்கங்களை அடைத்து வைக்கும் அந்தக் குழியைக் கெபி என்று சொல்வார்கள்.

சிங்கத்தின் பெயர் செம்பிடரி. குட்டியாக இருந்தபோதே வேடர்கள் அதை வலை வீசிப் பிடித்து, கூண்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அதன் பிடரியில் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் காட்டை மறக்கவில்லை. கெபியின் வடக்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியாக எப்போதாவது காற்று வரும். மழை நாளில் அந்தக் காற்றில் ஈர நாணலின் வாசம் இருக்கும். அவ்வளவுதான், செம்பிடரி மூக்கை விரிசலில் வைத்து அழுத்திக்கொள்ளும். தாய்ச் சிங்கம் அதை நக்கிக் கொடுத்த ஆற்றங்கரையிலும் இதே வாசம்தான்.

தினமும் விடிந்ததும் அது வடக்குச் சுவரைப் பார்த்து நின்று மெல்ல உறுமும்.

"ஆரம்பித்துவிட்டார் ஐயா!" என்று பெருவாயன் கேலி செய்யும். பெருவாயன் கெபியிலேயே பிறந்த சிங்கம். சாப்பாட்டைத் தவிர அதற்கு வேறு நினைப்பே கிடையாது. "என்ன, சுவர் ஏதாவது பதில் சொல்லிற்றா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு, செம்பிடரி மறுபடியும் சுவரையே பார்க்கும்.

வாய்தான் கேலி பேசுமே தவிர, பெருவாயனுக்குச் செம்பிடரியிடம் பயம் உண்டு. அந்தக் கெபியில் ஒரு வழக்கம் இருந்தது. இரை விழுந்தால் செம்பிடரிதான் முதலில் வாய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவை கிட்டே வரலாம்.

ஒரு நாள் சிங்கங்களுக்குச் சாப்பாடு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் வயிறு ஒட்டிப்போனது. அப்போது கெபியின் விளிம்பில் ஒரு நரி வந்து எட்டிப் பார்த்தது. அதிகாரிகளின் வீட்டு வாசலில் எலும்பு பொறுக்கித் தின்றே கொழுத்த நரி அது.

"செம்பிடரி அண்ணா, நல்ல சேதி! இன்று பொழுது சாய்ந்ததும் ஒரு மனிதனை உள்ளே போடப் போகிறார்கள். தானியேல் என்று பெயர்."

"என்ன குற்றம் செய்தான்?"

"ஒரு மாதத்துக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் எதையும் வேண்டக் கூடாது என்று சட்டம். அதிகாரிகள் சொல்லி ராஜா போட்டது. இந்த ஆள் என்னடா என்றால், எப்போதும்போல மூன்று வேளையும் ஜன்னலைத் திறந்து வைத்து, தன் ஊரான எருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து முழங்காலில் நின்று கடவுளிடம் வேண்டுகிறான். ஜன்னலைச் சாத்திக்கொண்டாவது செய்யலாம் இல்லையா? பிழைக்கத் தெரியாதவன்!"

ஊர் இருக்கும் திசை என்றதும் செம்பிடரி காதைத் தூக்கியது. நரி அதைக் கவனித்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"கேள், அண்ணா. அந்த ஆள்மேல் ராஜாவுக்குப் பிரியம், அதனால் அதிகாரிகளுக்குப் பொறாமை. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமாம். நீ சுணங்காமல் முதல் வாய் வைத்துவிட்டால், உன்னை வண்டியில் ஏற்றி வடக்கே உன் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். என் காதால் கேட்டேன்."

மனிதர் பேச்சு நரிக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். எலும்பு கிடைக்கும் என்றால் நரிக்கு எந்த மொழியும் புரியும்.

நாணல், ஆறு, ஈர மண். எல்லாம் செம்பிடரியின் கண்முன் வந்து நின்றன. ஒரே ஒரு கடி கடித்தால் போதும்.

பொழுது சாய்ந்தது. தானியேலை உள்ளே போட்டு, கெபியின் வாயைக் கல்லால் மூடிவிட்டார்கள். விழுந்தவர் வயதானவர். தட்டுத் தடுமாறி எழுந்தார். அவர் பயப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சிங்கங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு செம்பிடரியைப் பார்த்தன. செம்பிடரி அவருக்கு மிக அருகில் வந்தது. வாயைத் திறந்தது.

"ஐயா, மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் தானியேல். "விழுந்த வேகத்தில் திசை தெரியாமல் போய்விட்டது."

இதுவரை எந்த இரையும் செம்பிடரியிடம் வழி கேட்டதில்லை.

"எதற்கு?"

"என் ஊர் அந்தப் பக்கம் இருக்கிறது. மாலையில் வேண்டிக்கொள்ளும் நேரம் இது."

"மேற்கு எனக்குத் தெரியாது. வடக்கு தெரியும். இதோ, இந்த விரிசல் இருக்கும் பக்கம்."

"வடக்கு தெரிந்தால் போதுமே!" தானியேல் வலது கையால் விரிசலைத் தடவிப் பார்த்து, அது வலப் பக்கம் இருக்கும்படித் திரும்பி, மேற்கைப் பார்த்து முழங்காலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது.

செம்பிடரியால் பொறுக்க முடியவில்லை. "ஊரை விட்டு எப்போது வந்தீர்?"

"சிறு வயதில். சிறைபிடித்துக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை."

"இவ்வளவு காலம் கேட்டும் உம்முடைய கடவுள் அனுப்பவில்லையா?"

"இல்லை."

"பிறகு ஏன் இன்னும் கேட்கிறீர்?"

"போவதும் போகாததும் அவர் கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பி நிற்பது என் கையில் இருக்கிறது. நான் திரும்பும்போதெல்லாம் அவர் பக்கத்தில் வந்துவிடுகிறார். ஏக்கம் போகவில்லைதான். ஆனால் தனியாக ஏங்கவில்லை."

"ஒரு மாதம் ஜன்னலைச் சாத்தியிருந்தால் பிழைத்திருப்பீரே!"

"பிழைத்திருப்பேன். அப்புறம் எந்த முகத்தோடு அதைத் திறப்பேன்?"

செம்பிடரி வடக்கு விரிசலைப் பார்த்தது. இந்த மனிதரின் இரத்தம் வாயில் ஒட்டியிருக்க, அந்த ஆற்றில் எந்த முகத்தோடு தண்ணீர் குடிப்பது? காட்டை நினைத்தால் அழுகையாக வந்தது. அது வாயை மூடிக்கொண்டு, தானியேலின் பக்கத்தில் மெல்லப் படுத்தது.

"நான் வாய் வைக்கப் போவதில்லை" என்றது.

"பைத்தியமா உனக்கு? நீ வைக்காவிட்டால் நான் வைக்கிறேன்!" என்று பெருவாயன் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அப்படியே நின்றது. அதன் வாய் திறக்கவில்லை. மற்ற சிங்கங்களும் முயன்றன. எதற்கும் வாய் திறக்கவில்லை. கெபிக்குள் மெல்ல வெளிச்சம் பரவியது. கடவுளின் தூதன் ஒருவன் ஒவ்வொரு சிங்கத்தின் வாயாகக் கை வைத்து மூடிக்கொண்டே வந்தான்.

தன் முறைக்காகச் செம்பிடரி முகத்தை நீட்டியது. தூதன் அதன் வாயைத் தொடவே இல்லை.

"என் வாயை மூடவில்லையே?"

"அதை நீயே மூடிவிட்டாயே" என்று சொல்லி, தூதன் அதன் பிடரியைத் தடவிக் கொடுத்தான்.

விடிந்ததும் விடியாததுமாக ராஜாவே ஓடி வந்தார். துக்கமான குரலில் தானியேலைக் கூப்பிட்டார். உள்ளிருந்து பதில் வந்ததும் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கயிறு இறங்கியது.

கயிற்றைப் பிடிக்கும் முன் தானியேல் திரும்பினார். "வடக்கே உன் இடம் எப்படி இருக்கும்?"

"ஆற்றங்கரை. நாணல் நிறைய இருக்கும்."

"சரி" என்றார் அவர். மேலே போய்விட்டார். இந்தச் சிங்கத்தையும் தூக்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. செம்பிடரி கயிறு போன வழியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

சூழ்ச்சி செய்த அதிகாரிகளை ராஜா தண்டித்தார். எலும்பு போட ஆள் இல்லாமல் நரி இளைத்துப்போய் கெபியின் விளிம்புக்கு வந்தது.

"உன்னால் என் பிழைப்பும் போயிற்று, செம்பிடரி! உன்னைக் காட்டில் விடுவதாக யாருமே சொல்லவில்லை, தெரியுமா? நான் விட்ட கதை அது. ஏமாந்துபோக இருந்தாயே!"

"பொய்யா?" என்றது செம்பிடரி. "மெய் என்று நம்பித்தான் வேண்டாம் என்று சொன்னேன்."

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒரு மழை நாளில் புறா ஒன்று கெபிக்குள் ஒதுங்கியது. "நான் தானியேல் வீட்டு ஜன்னலில் கூடு கட்டியிருக்கிறேன்" என்று பேச்சுக் கொடுத்தது. "அவர் இப்போதும் மேற்கைப் பார்த்துத்தான் வேண்டுகிறார். ஆனால் எழுந்திருக்கும் முன் கொஞ்சம் வடக்கே திரும்புகிறார். ஆற்றங்கரை, நாணல், சிங்கம் என்று ஏதேதோ சொல்கிறார். வயதாகிவிட்டது, பாவம்."

செம்பிடரி எழுந்து வடக்குச் சுவரின் பக்கம் போய் நின்றது. விரிசல் வழியாக ஈர நாணலின் வாசம் வந்தது.

பெருவாயன் கேலி செய்யவில்லை. மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றது.

"கொஞ்சம் நகர்ந்து நில், அண்ணா" என்றது. "எனக்கும் காற்று வரட்டும்."

நீதி: ஏங்கிய பொருளே எதிரில் வந்து நின்றாலும், பாவத்தின் வழியாக அதை அடையாதே; கடவுளை நோக்கித் திரும்பிக் காத்திருப்பதே விசுவாசம்.