நல்ல சீட்டு வந்தால்

மோசமான சீட்டு வந்தால் ஞானதிரவியம் அதைக் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக டீ குடிப்பார். நல்ல சீட்டு வந்தால்தான் அவருக்குக் கை நடுங்கும்.

குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மன்றம் ஒன்றில் ஞாயிறு மதியங்களில் போக்கர் ஆடுவார்கள். சின்ன ஆட்டம். தோற்றால் யாரும் தெருவுக்கு வந்துவிட மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு மேசைதான். சீசன் முடிவில் கணக்கில் கடைசி இடத்தில் இருப்பவர், காத்திருக்கும் ஆளுக்குத் தன் நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டும். மனைவி போன பிறகு ஞானதிரவியம் வாய்விட்டுப் பேசுவது அந்த மேசையில் மட்டும்தான்.

அன்று சீசனின் கடைசி ஞாயிறு. கடைசி இடத்தில் இருந்தவர் அவர்.

கையில் இரண்டு ஆஸ் வந்தன. அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. காட்டிக்கொண்டால் எல்லோரும் ஓடிவிடுவார்களே என்று பயந்து, பந்தயத்தை ஏற்றாமல் ஒன்றும் இல்லாதவர் மாதிரி இருந்தார். அத்தனை பேரும் கொஞ்சம் காயினைப் போட்டு மலிவாக ஆட்டத்துக்குள் வந்தார்கள். மேசை நடுவில் பொதுச் சீட்டுகள் விழுந்தன. காரட் வியாபாரி போஜனிடம் இருந்த ஒன்பதுக்கும் ஆறுக்கும் அங்கே ஜோடி கிடைத்துவிட்டது. இரண்டு ஜோடிக்கு முன்னால் ஆஸ் ஜோடி ஒன்று நிற்காது.

"ஆஸ் வெச்சுக்கிட்டா சார் சும்மா இருந்தீங்க?" பந்தயக் காயின்களை வாரியபடி கேட்டார் போஜன். "அப்பவே ஏத்தியிருந்தா இந்தக் குப்பையைப் போட்டுட்டுப் போயிருப்பேனே."

ஞானதிரவியம் எழுந்து ஃபரிதாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். ஃபரிதா பல் டாக்டர். ஞானதிரவியத்துக்கு மகள் வயதுதான். ஆனாலும் இந்த ஆட்டத்தில் அவளிடம்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லது வந்தா ஏன் டாக்டரம்மா இவ்வளவு பயமா இருக்கு? இதை எப்படிப் போக்குறது?"

"இந்த ஒரு சுத்து ஆடாம விடுங்க சார். பக்கத்துல உட்கார்ந்து பாருங்க."

அவளுக்கு இரண்டு ராஜா வந்தன. எடுத்ததும் ஏற்றினாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஒளிவு மறைவில்லாமல். ஒவ்வொருவராகச் சீட்டைப் போட்டார்கள். போஜன் மட்டும் நின்றார். நடுவில் சீட்டு விழுந்தது. மறுபடி ஏற்றினாள்.

"டாக்டர்கிட்ட ஏதோ இருக்கு," என்றார் போஜன். "இருந்தாலும் பார்க்காம போக மனசு வரல."

அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது மேசைக்கு அடியில் ஃபரிதா தன் கையை ஞானதிரவியத்தின் கைமேல் வைத்தாள். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. விரல்கள் நடுங்கின. முகத்தில் ஒன்றுமே இல்லை.

போஜன் காயினைப் போட்டார். தோற்றார்.

"உங்களுக்குமா?" என்றார் ஞானதிரவியம்.

"உங்க இடத்துக்குப் போங்க சார். சீட்டுப் போடப்போறாங்க."

கொஞ்ச நேரத்தில் அவருக்கு இரண்டு ராணி வந்தன. சும்மா இருந்துவிடலாமா என்று உடம்பு கெஞ்சியது. இருந்த காயின் எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார். அடுக்கு சரிந்து சிதறியது.

"மொத்தமும்," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார்.

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. போஜன் தன் சீட்டைப் பார்த்தார். ஞானதிரவியத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"சரி, வர்றேன்," என்று இரண்டு பத்தைத் திருப்பிப் போட்டார்.

பொதுச் சீட்டு ஒவ்வொன்றாகத் திரும்பியது. பத்து வரவில்லை. கடைசி இடத்திலிருந்து ஏறிவிட்டார். நாற்காலி தப்பியது.

வெளியே வந்து குடையை விரிக்கப் பார்த்தார். கம்பி இரண்டு முறை வழுக்கியது. ஃபரிதா வாங்கி விரித்துக் கொடுத்தாள்.

"ஜெயிச்சும் பயம் போகலியே டாக்டரம்மா."

"போகாது சார். இத்தனை நாள் பயம் முழுசையும் நீங்களே வெச்சிருந்தீங்க. இன்னிக்குப் பாதியை போஜனுக்குக் குடுத்தீங்க."