ஐந்து நாற்காலிச் சொல்

ஒரு ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு சொல்லாக உட்கார்ந்திருந்தார்களாம்.

அந்தச் சொல் கம்யூனிகேஷன்.

க, ம்யூ, னி, கே, ஷன். துண்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு நாற்காலி. அழுத்தம் விழுகிற துண்டு எழுந்து நின்று கத்தவேண்டும். மற்றவை உட்கார்ந்தபடி முனகினால் போதும்.

கடைசி நாற்காலியில் சவரிமுத்து. ஆங்கில உச்சரிப்பு வகுப்பின் முதல் நாள் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்ததில் உட்கார்ந்தவர். பதினான்கு வருடம் அந்தக் கம்பெனியில் தமிழில் போன் எடுத்தவர். தமிழ்ப் பிரிவை மூடுகிறார்கள். ஐவரில் ஒருவருக்குத்தான் ஆங்கிலப் பிரிவில் இடம்.

ஐந்தாம் நாள் கேட்டார்.

"மிஸ், நான் எப்பதான் எழுந்திருக்கிறது?"

சொல்லிக்கொடுக்கிற பிருந்தாவுக்கு இருபத்தாறு வயது.

"நீங்க ஷன் சார். ஷன் எழுந்திருக்காது. தனக்கு முன்னாடி இருக்கிறதை எழுப்பிவிடும்."

முன் நாற்காலியில் கேயாக உட்கார்ந்திருந்த கோகுல் திரும்பினான்.

"நல்லா எழுப்புங்கண்ணே. தூக்கமா வருது."

சவரிமுத்து சிரிக்கவில்லை.

"எல்லாருமே எழுந்தா என்ன மிஸ்?"

"எழுங்க."

எழுந்தார்கள். ஐந்து துண்டும் முழுத்தொண்டையில் வந்தது.

"எப்படி இருக்கு?"

"நம்ம பேசுற மாதிரியே இருக்கு" என்றாள் ம்யூவாக நின்ற துளசி.

"அதுக்குத்தான் வேலை போகுது. உட்காருங்க."

கதவு திறந்தது. மேனேஜர். உள்ளே வரவில்லை.

"ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க."

சொன்னார்கள். நான்கு பேர் முனகினார்கள். கோகுல் எழுந்து நின்றான்.

"இவர் போதும்."

மேனேஜர் போனார். பின்னாலேயே கோகுல். மற்ற மூன்று பேரும் டிபன் பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள்.

சவரிமுத்து மட்டும் இருந்தார்.

"எங்கள்ல யாரு மிஸ் நல்லா பேசுறது?"

"நீங்கதான் சார்."

"அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவர் கேட்கலையே."

"கேட்கலைன்னா? என் வேலை மிஸ். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. ஒரு வார்த்தை, உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

பிருந்தா ஃபேனை நிறுத்தினாள்.

"பதினாலு வருஷம் போன் எடுத்தீங்களே சார். கஸ்டமர் கேட்காததை, நீங்களா ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

சவரிமுத்து பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.



பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.