தாசில்தார் வீட்டைக் காட்டிய கதை

“கதவைத் திறந்து காட்டினதுக்கு ரெண்டு பர்சென்ட்டா?” என்று மறுபடியும் கத்தினார் ரிட்டயர்டு தாசில்தார் அருணகிரி. வீடு பிடித்தால் இன்றே அட்வான்ஸ் தர ஆள் வருகிற நேரத்தில், பேசின கமிஷன் கிடையாதாம்! அவர் வீட்டை விற்க மாதக்கணக்கில் அலைந்த புரோக்கர் செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி சார். இன்னிக்கு நீங்களே காட்டுங்க, கமிஷனே வேணாம்” என்று சாவியை நீட்டிவிட்டு, வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டாள். இதுவரை ஆள் வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவள் வீட்டைக் காட்டியிருக்கிறாள். அது அந்த மனுஷனுக்கு எங்கே புரிந்தது?

கணவனும் மனைவியும் வந்தார்கள்.

“செருப்பை ஒழுங்கா விடத் தெரியாதா?” என்று வரவேற்றார் அருணகிரி. சமையலறை கொஞ்சம் சின்னது என்றாள் மனைவி. “சமைக்கத் தெரிஞ்சவளுக்கு இது போதும்.” விலையைக் குறைக்க முடியுமா என்றான் கணவன். “லோன் கட்டுற அளவுக்காவது நீ சம்பாதிக்கிறியா?”

இருவரும் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

“அடுத்த தெருவுல ஒரு வீடு இருக்கு, அந்த ஓனர் வெளியூர்ல இருக்கார்” என்றாள் செண்பகம். அவர்கள் பைக் அவள் ஸ்கூட்டியின் பின்னாலேயே கிளம்பியது.

அருணகிரி கேட்டுக்கு ஓடிவந்தார்.

“பேசினதையே தர்றேம்மா! நான் வேணா வெளியே போயிடறேன், அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வாம்மா!”