பலவேசம் அண்ணாச்சி பிரித்த மூன்று பெட்டிகள்

இந்தக் கதையைப் பல வருஷமாகச் சந்தேகித்து வருகிறேன். சொன்னவன் கொம்பையா. பேட்டையில் ஒற்றை அறையில் பாட்டுப் பதிவு செய்பவன். ஸ்டூடியோ ஸ்பீக்கர் வாங்கப் போனான். தப்பானது அமைந்தால் செய்யும் பதிவெல்லாம் பாழ். இன்னொன்று வாங்க வழியில்லை. ஆனால் கடைக்காரர் பலவேசம் அண்ணாச்சி பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்.

"தட்டிப் பாத்து வாங்க இது என்ன தேங்காயாலே?"

கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, முதல் பாட்டைத் தானே பாடுகிறவர் அவர்.

"சரி அண்ணாச்சி. கொடையில நீங்க பாடுனதைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். கேட்டவன்லாம் சுருதி சேரலைங்கான். என் ஓட்டை ஸ்பீக்கர்தான் காரணம்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்."

அண்ணாச்சி அப்போதே ஒரு பெட்டியைப் பிரித்தார். கொம்பையா போனில் கொண்டுவந்திருந்த அவர் பாட்டு ஒலித்தது. சுருதி சேரவில்லை.

"இது பழுதுலே!"

அடுத்ததைப் பிரித்தார். அதிலும் சேரவில்லை. மூன்றாவதில் அவர் மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"மூணுமே பழுது!"

"அந்த மூணாவது பழுதைக் குடுங்க அண்ணாச்சி, போதும்."

போன வாரம்தான் கொம்பையாவிடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுடே. சுருதி விட்டது அண்ணாச்சியா, இல்ல கடைக்குப் போறதுக்கு முந்தி நீ கம்ப்யூட்டர்ல அவர் சுருதியை மாத்தி வச்சியா?"