முதலாளி ஊற்றிய ஆயில்

மில் முதலாளி தாமோதரசாமியின் பழைய மோட்டார் சைக்கிள், பழைய வண்டிகளின் கண்காட்சியன்று எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் இல்லாமல் பேரிங் தேய்ந்துவிட்டதாம்.

“மாசாமாசம் என் கையாலே ஊத்தறேன். நீதான் திருடியிருக்கே, வேலையை விட்டுப் போ!” என்று வண்டி துடைக்கும் பூவாத்தாளை விருந்தாளிகள் முன்னால் வைதார்.

“போறேனுங்க. நீங்க ஊத்தற அழகை இவங்களும் ஒருக்கா பாக்கட்டுமுங்க.”

வண்டியின் இருபுறமும் ஒரே மாதிரிப் பெட்டிகள். முதலாளி இடப்பக்க மூடியைத் தூக்கி, விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டே மிடுக்காக ஊற்றினார்.

“கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சாமி.”

குனிந்தார். உள்ளே ஸ்பேனர்கள் ஆயிலில் ஊறிக் கிடந்தன. ஆயில் டேங்க் வலப்பக்கப் பெட்டிதான்; அது காய்ந்து கிடந்தது.

“ஸ்பேனரு ஒண்ணுகூடத் துருப்பிடிக்கலீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. குனிந்த தலை நிமிராமலே, “அந்தத் துணியை இங்க குடு, ஆத்தா,” என்று வாங்கி, ஒழுகிய ஆயிலைத் தானே துடைத்தார்.