மாலை போட்ட ஸ்மார்ட் போர்டு

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சாம். அங்க நாலாம் வகுப்புச் சுவர்ல ஒரு ஸ்மார்ட் போர்டு. விரலால இழுத்தா எழுதும், தட்டினா படம் காட்டும். ஆனா வந்து நாலு மாசமாச்சு, ஒருத்தரும் தொட்டதில்ல. ஏன்? ஹெச்.எம். குழந்தைவேலு சார் அதுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, "தொடாதீர்கள்"னு எழுதி ஒட்டிட்டாரு. ம் சொல்லு, கண்ணு.

தனபாக்கியம் டீச்சர் வகுப்புல தேவகின்னு ஒரு பொண்ணு. பார்வை கொஞ்சம் மங்கல். முன் பெஞ்சுல உக்காந்தாலும் கரும்பலகை எழுத்து தெரியாது. போர்டுல எழுத்தைப் பெருசாக்கினா அவளும் படிப்பாளேன்னு டீச்சருக்கு ஏக்கம்.

அப்புறம் ஒருநாள் கல்வி ஆபீஸ்லருந்து கடுதாசி வந்துச்சு. புதன்கிழமை அதிகாரி வர்றாராம். போர்டுல பாடம் நடத்திக் காட்டலைன்னா, கழட்டி வேற பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடுவாங்களாம்.

புதன்கிழமை ஹெச்.எம். உறையைக் கழட்டினாரு. கழட்டிட்டு, தேங்காய் உடைச்சு, சூடம் காட்டி, போர்டு மேல சாமந்தி மாலையைத் தொங்க விட்டாரு. அந்தப் போர்டுக்கு விரல் எது, பூ எதுன்னு தெரியாது. எது பட்டாலும் விரல்னு நினைச்சுக்கும்.

அதிகாரி வந்து உக்காந்தாரு. டீச்சர் தட்டினாங்க. டிங்! விதை முளைக்கிற படம் வந்துச்சு. ஃபேன் காத்துல மாலை ஆடுச்சு. டிங்! படம் போயிடுச்சு.

"சார், மாலையை எடுத்துடட்டுமா?"ன்னு டீச்சர் கிசுகிசுத்தாங்க.

"பூஜை போட்ட மாலைம்மா! அபசகுனமாப் பேசாதீங்க."

அப்போ டீச்சர் ஃபேனை நிறுத்தினாங்க. மாலை நின்னுச்சு, விதை வந்துச்சு. ஆனா அதிகாரி சட்டை தொப்பலா நனைஞ்சுபோச்சு. "உஸ்ஸ்… ஃபேனைப் போடுங்கம்மா, விட்டா நானே முளைச்சுடுவேன்!"

சர்ர்ர்… ஃபேன் சுத்துச்சு. விதை மேல மாலை கிறுக்குச்சு. அப்புறம் டீச்சர் ஒரு கையால மாலையை அழுத்திப் பிடிச்சாங்க. அந்தக் கையும் போர்டுக்கு விரல்தானே? டிங் டிங் டிங்! "அணைக்கவா?"ன்னு கேட்டுச்சு போர்டு.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தாரு. "கழட்டிடலாம்…"

தூங்கிட்டியா? ம்… அப்படிச் சொல்லு.

அப்போ டீச்சர் மாலையைச் சரக்குன்னு எடுத்து ஹெச்.எம். கையில கொடுத்தாங்க. "சார், ஐயாவுக்கு மாலை போட மறந்துட்டோமே!"

பசங்க படபடன்னு கை தட்டினாங்க. ஹெச்.எம். என்ன பண்ணுவாரு? அதிகாரி கழுத்தும் தானா நீண்டுச்சு. போட்டுட்டாரு.

டீச்சர் மறுபடி விதைப் படத்தைக் கொண்டுவந்து, அதுல இருந்த எழுத்தைப் பெருசாக்கினாங்க. தேவகி போர்டுல விரலை வச்சு, "வே… வேர்! டீச்சர், எனக்குத் தெரியுது!"ன்னா.

அதிகாரி மாலையை மோந்துக்கிட்டே, "போர்டு இங்கேயே இருக்கட்டும், தினமும் தொடணும்"னு எழுதிட்டுப் போனாரு.

மறுநாள் ஹெச்.எம். அந்தப் பிளாஸ்டிக் உறையை எங்க மாட்டினாரு தெரியுமா? கரும்பலகையில! மாட்டி, ஒரு மாலையும் போட்டு, "இதையாவது யாரும் தொடாதீங்க!"ன்னாரு.

போர்டை அணைச்சாச்சு, கதையும் அடங்கியாச்சு. நீயும் கண்ணை மூடு.