கடன் வாங்கிய காலியிடம்

இந்தச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவர், நான் பணியாற்றிய பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய ரெஜினா மேரி டீச்சர். எண்களில் மிகைப்படுத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே இதில் வரும் எண்களை வாசகர்கள் ஐயமின்றி ஏற்கலாம். மனிதர்களைப் பற்றிய பகுதிகளை நம்புவதற்குத்தான் சற்று முயற்சி வேண்டும்.

தென்பாதிமங்கலத்துக் கடைத்தெருவில் ஒரு கல்யாண வீடியோ நிலையம் உண்டு. உடன்பிறந்த மூன்று பெண்களை மணந்த மூன்று சகலைகள் அதை நடத்திவந்தார்கள். மூத்தவர் தெய்வசிகாமணி, அடுத்தவர் கோதண்டபாணி, இளையவர் சிங்காரவேலு. மூவரும் நல்லவர்கள், உழைப்பாளிகள், சொன்னதைச் சொன்னபடியே செய்பவர்கள். அவர்களுடைய துன்பங்கள் அனைத்தும் இந்த மூன்றாவது குணத்தால் விளைந்தவை.

நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் நான்கு ஹார்டு டிஸ்க்குகளும், அவற்றில் நாற்பத்தொரு கல்யாணங்களும் இருந்தன. கடைசியாகச் சேர்ந்தது வேதவல்லி அம்மாளின் மகள் பூங்கோதையின் கல்யாணம். வியாழக்கிழமை மாலை பூங்கோதை மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டும். கல்யாணத்துக்கு வர இயலாத நாத்தனார் அங்கே வீடியோவுக்காகக் காத்திருந்தாள். "வெறுங்கையோட எம் பொண்ணு அந்த வீட்டுப் படி ஏற மாட்டா, தம்பி" என்று வேதவல்லி அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கல்யாணமும் திறக்கவில்லை.

திருச்சியிலுள்ள சேவை மையத்திலிருந்து கிளாடிஸ் என்ற பெண் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினாள். டிஸ்க்குகள் கெடவில்லை, அவற்றுக்குள் இருந்து அவற்றை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல்தான் பழையதாகிவிட்டது. தான் அனுப்பும் மேலாண்மை மென்பொருளைத் திறந்து அதைப் புதுப்பித்தால் போதும். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. யாரும் எதையும் தொடக் கூடாது. முடிந்தபின், கண்டபடி கிடக்கும் கோப்புகளில் ஒரே மாதிரியானவற்றை ஒரே கோப்புறையில் அடுக்க வேண்டும். தெய்வசிகாமணி இவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மூவரும் அதில் கையொப்பமிட்டார்கள்.

மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சிங்காரவேலு தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அனுப்பப்பட்டார். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார். எதையும் தொடக் கூடாது என்பதால் ஒருவரும் எடுக்கவில்லை. அவர் கலவரமடைந்து ஓடிவந்தார்.

"இன்னும் போகலை சகல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நீ இங்க வந்துட்டா, அங்க போச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் தெய்வசிகாமணி.

"போச்சுன்னா இங்கேயே ஃபேன் நின்னுடுமே."

இந்தப் பதிலில் குற்றம் எதுவும் இல்லாததால் மற்ற இருவருக்கும் அதன்மீது சந்தேகம் உண்டாயிற்று. அரை மணி நேரம் ஆலோசித்து, அவரை மறுபடியும் டிரான்ஸ்பார்மருக்கே அனுப்பிவைத்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் நூறு சதவீதம் தோன்றியது. அதன் கீழே, மேலே தொடர்வதற்கு அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்றும் தோன்றியது. அழுத்த வேண்டுமானால் மவுசைத் தொட வேண்டும். எதைத் தொடலாம், எப்போதிலிருந்து தொடலாம் என்று சுவரிலிருந்த தாளில் எழுதியிருக்கவில்லை. ஆகவே இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அன்றிரவு கடையைப் பூட்டவும் இல்லை. பூட்டைத் தொட வேண்டியிருந்ததே.

புதன்கிழமை காலையில் வேதவல்லி அம்மாள் வந்தார், விஷயத்தைக் கேட்டார், மவுசை ஒருமுறை அழுத்தினார். விளக்கு பச்சையாயிற்று. "நாளைக்குக் காலையில வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து சிங்காரவேலுவையும் அழைத்துக்கொண்டு, சகலைகள் மூவரும் உற்சாகமாக அடுக்கத் தொடங்கினார்கள். எல்லாக் கல்யாணத்திலும் தாலி கட்டுதல் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆகவே நாற்பத்தொரு தாலி கட்டுதலையும் ஒரு கோப்புறையில் வைத்தார்கள். நாற்பத்தொரு பந்திகளை இன்னொன்றில் வைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று. பெண்வீட்டார் அழுவதற்கு ஒன்று. பழைய பெயர்கள் ஒழுங்காக இல்லையென்று நீக்கிவிட்டு, தாலி ஒன்று, தாலி இரண்டு எனப் புதிதாகப் பெயரிட்டார்கள். மாலைக்குள் அத்தனையும் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வேதவல்லி அம்மாள் தம் மகளின் கல்யாணம் எங்கே என்று கேட்டார்.

"தாலியில இருக்காங்கம்மா. பந்தியிலயும் இருக்காங்க" என்றார் கோதண்டபாணி. "எத்தனாவதுன்னுதான் தெரியலை."

வேதவல்லி அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊரிலுள்ள பெண்களின் கழுத்திலெல்லாம் தாலி ஏறுவதை வரிசையாகப் பார்த்தார். முப்பத்தேழாவது கழுத்து பூங்கோதையுடையது. பந்திகளிலும் அப்படியே தேடினார். தம் ஓரகத்தி பதினொரு கல்யாணங்களில் ஒரே பட்டுப்புடவையோடு முதல் பந்தியில் அமர்ந்திருந்ததையும் போகிறபோக்கில் குறித்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்தில் மகளின் கல்யாணத்தை அவரே மறுபடியும் நடத்தி முடித்துவிட்டார்.

அதை எடுத்துப்போக ஒரு பென் டிரைவ் வேண்டும். நிலையத்தில் இருந்தவை எல்லாம் நிரம்பியிருந்தன. அவற்றில் ஒன்றை அழிப்பது சுவரிலுள்ள தாளில் இல்லை. சிங்காரவேலு அடுத்த கடைக்கு ஓடினார். ஜெராக்ஸ் கடை ஹபீபுல்லா, "அறுபத்து நாலு ஜிபி, சுத்தமா காலி. காலியாத்தான் தர்றேன், காலியாத்தான் திரும்ப வேணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

செருகிப் பார்த்தால், காலியிடம் ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு என்றுதான் திரை காட்டியது.

"மீதி நாலு புள்ளி நாலு எங்க?" என்றார் கோதண்டபாணி.

"வட்டியை முன்னாடியே புடிச்சுக்கிட்டாரு, சகல" என்றார் தெய்வசிகாமணி. "வியாபாரி."

பூங்கோதை அன்று மாலை பென் டிரைவோடு விமானம் ஏறினாள். நாத்தனார் முழுவதையும் இரண்டு முறை பார்த்ததாகச் சனிக்கிழமை செய்தி வந்தது. அதே நாளில் ஹபீபுல்லாவும் வந்து, கொடுத்ததைக் கேட்டார். சகலைகள் மூவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"பென் டிரைவ் மஸ்கட்ல இருக்கு. என்னத்தைக் குடுக்கறது?" என்றார் சிங்காரவேலு.

"அவர் திரும்பக் கேட்டது காலியிடத்தை" என்றார் தெய்வசிகாமணி. "அதைச் செஞ்சு குடுத்துடலாம். நம்ம கைக்கு வந்தது ஐம்பத்தொன்பது புள்ளி ஆறுதானே."

மேசை இழுப்பறையில் பழைய இரண்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதில் உள்ளே ஒன்றுமில்லாத கோப்புறைகளை ஒவ்வொன்றாக உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 'ஒரு ஜிபி காலி' என்று பெயரிட்டு எண்ணும் போட்டார்கள். கடைசியான அறுபதாவதுக்கு மட்டும் 'புள்ளி ஆறு ஜிபி காலி' என்று பெயர். இவ்வளவும் இதற்குள் அடங்குமா என்று சிங்காரவேலு கவலைப்பட்டார். காலிதானே, இடம் அடைக்காது என்று கோதண்டபாணி தேற்றினார்.

ஹபீபுல்லா தம் கடையில் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டார். அறுபதாவதை மட்டும் இரண்டு முறை திறந்து, அதில் முழு ஜிபி இல்லை, புள்ளி ஆறுதான் இருக்கிறது என்று சரிபார்த்தார். பிறகு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்: திரும்பப் பெற்றுக்கொண்டது, ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு ஜிபி காலியிடம்.